அத்தை பத்து மணிக்கு எங்கே போகிறார்?

டாக்சி எங்கள் வீட்டு கேட்டை ஒட்டி வந்து நின்றபோது நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். எங்கள் ஊர் கிளேபாங்கின் வெயில் கடற்காற்றோடு சேர்ந்து தோலில் பிசுபிசுவென்று ஒட்டும். கையிலிருந்த தலையணை உறையை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தேன். காரின் கதவு திறந்தது. முதலில் ஒரு குடை வெளியே வந்தது. பிறகு ஒரு கால். அந்தக் காலில் ஆண்கள் போடுகிற பெரிய கறுப்பு சிலிப்பர்.

அதற்குப் பிறகுதான் என் மாமியார் இறங்கினார்.

“அத்தை?” என்றேன். டாக்சிக்குள் எட்டிப் பார்த்தேன். மாமா இல்லை.

“என்னா அப்படிப் பாக்கற? நான்தான்லா. சும்மா வந்தேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்.”

“மாமா வரலையா?”

“அவருக்குக் கால் வலி.”

இதைச் சொல்லும்போது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவர் இறக்கிவைத்த பையைப் பார்த்தார். நீலநிறப் பயணப் பை. ஜிப் மூட முடியாத இடத்தில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். தோள் இறங்கிவிட்டது. இரண்டு நாளைக்கு வருகிறவர் கொண்டுவருகிற பை இல்லை அது.

“சிலிப்பர் யாரோடது அத்தை?”

“என்னோடது வார் அறுந்துருச்சு. அவசரத்துக்கு அவரோடத மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

எனக்குக் கல்யாணமாகி அப்போது பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்தில் அத்தை எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. பையை இழுத்துக்கொண்டு உள்ளே போகும்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: இதில் என்னமோ இருக்கிறது.

என் குணம்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் குணம் இந்நேரம் தெரிந்திருக்கும். பாசாரில் மீன்காரர் சிரித்துக்கொண்டே ஒரு மீன் கூடுதலாகப் போட்டால், செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் நான். பல் மருத்துவரின் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. ‘நேற்றிலிருந்துதான் வலி’ என்று வருகிறவரின் கன்னத்தைப் பார்த்தாலே, பத்து நாளாக மாத்திரை போட்டுச் சமாளித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

“நீ போலீஸ்ல சேந்திருக்கணும் சுமதி” என்பார் என் கணவர் குணா.

மாமாவும் அத்தையும் இருந்தது புலாவ் செபாங்கில். அதற்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் மாமா மண்டோராக, ஆட்களை வேலை வாங்குகிறவராக இருந்தார். அத்தை அதே தோட்டத்தில் பால்வெட்டினார். தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்த பிறகு, ரயில் நிலையத்துக்கு அருகில் சின்ன வீடாகப் பார்த்துக் குடியேறினார்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை எங்களைப் பார்க்க வருவார்கள். காலையில் வந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மாமா வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காருவார். அத்தை நேராகக் குசினிக்குப் போய்விடுவார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஹாலில் இருந்து மாமாவின் குரல் வரும்.

“என்னா பண்ற அங்க?”

“வெங்காயம் உரிக்கிறேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “என்னா பண்ற?”

“சட்டி கழுவறேன்.”

நாங்கள் சிரிப்போம். “மாமாவுக்கு அத்தைய விட்டுட்டு ஒரு நிமிஷம் இருக்க முடியாது” என்று எதிர்வீட்டு ரோசி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்பதே குணாவுக்குச் சோற்றுத் தட்டு வைக்கும்போதுதான் தெரியும்.

அத்தையைப் பற்றி எனக்கு வேறோர் அபிப்பிராயம் இருந்தது. கல்யாணமான புதிதில் மூன்று மாதம் புலாவ் செபாங்கில் அவர்களோடு இருந்தேன். தேங்காய் வாங்கக் கடைக்குப் போனால்கூட அத்தை கேட்டருகில் வந்து நிற்பார். “சீக்கிரம் வந்துரு. கடையில நின்னு பேசாத. எங்க போன, ஏன் இவ்வளவு நேரம்னு கேப்பாங்க” என்பார். திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பார், சுவர்க் கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ‘கேப்பாங்க’ என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். கறாரான மாமியார் என்று அன்றைக்கு முடிவு கட்டியதை அதன் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

இப்படியும் ஒரு மாமியாரா?

மறுநாள் காலை பசியாற தோசை சுட்டேன். முதல் தோசையைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு அத்தை சொன்னார்:

“நல்லா இருக்கு. இன்னொன்னு போடு.”

நான் தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். முன்பொரு தடவை என் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, “இதுல பருப்ப எங்க தேடறது?” என்று கேட்டவர் இவர்தான்.

மூன்றாம் நாள் குசினி அவர் கைக்குப் போய்விட்டது. இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருவேன். கேட்டைத் திறக்கும்போதே நெத்திலிச் சம்பல் வாசனை வரும். ஒருநாள் முருங்கைக்கீரை. ஒருநாள் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அதற்கு நான் மூன்று தட்டு சோறு தின்றேன். மகன் கெடாவில் படிக்கப் போனதிலிருந்து நான் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பேன். இப்போது தரையில் உட்கார்ந்து, எதிரே ஒரு ஆளோடு, கதை பேசிக்கொண்டு.

அத்தை டிவி நாடகத்தில் வருகிற வில்லியைத் திட்டினார். கூட்டும்போது பாடினார். கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த குரல். அவர் பாடுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காலையில் எட்டு மணி வரை தூங்கினார். பால்வெட்டுக் காலத்தில் விடியலுக்கு முன்னால் எழுந்தே பழகிய மனுஷி அவர்.

“இவ்வளவு நேரம் தூங்கினா நீங்க ஒன்னும் சொல்ல மாட்டீங்களா?” என்று ஒரு காலை நிஜமாகவே கேட்டார்.

“யாரு சொல்லப்போறா அத்தை?”

அவர் போர்வையை மடித்தார்.

அந்தச் சனிக்கிழமை செர்காமுக்குப் போனோம். கடலோரக் கடைகளில் வாழையிலையில் வைத்துச் சுட்ட திருக்கை மீன். அத்தை விரல் சுடச் சுடப் பிய்த்துத் தின்றார். காரத்தில் மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அம்மா இப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல” என்றார் குணா.

அப்போது அத்தையின் கைப்பைக்குள் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. மூன்றாம் முறையும் அடித்தது. அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு அத்தை?”

“ராங் நம்பரா இருக்கும்.”

பையைத் திறந்து பார்க்காமலே ராங் நம்பர் என்று எப்படித் தெரியும்?

அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதுதான் சிக்கல். இவ்வளவு நன்றாக ஒருவர் நடந்துகொண்டால் பின்னால் ஏதோ கேட்கப்போகிறார் என்றுதான் என் புத்தி போகும். இரண்டு நாள் பத்து நாளாயிற்று. ஏதாவது வியாதியோ என்று குப்பைத்தொட்டியில் மாத்திரை அட்டை கிடக்கிறதா என்று கிளறினேன். இல்லை. நிரந்தரமாக இங்கேயே வந்துவிடத் திட்டமோ? மாமாவையும் பின்னால் கூட்டிவரப்போகிறாரோ?

மாமா குணாவுக்குத் தினமும் போன் செய்தார். “உங்கம்மா எப்ப வரா?” என்ற குரல் எனக்கே கேட்கும். குணா, “வருவாங்கப்பா” என்று வைத்துவிடுவார்.

“உங்கம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“இருக்கட்டுமே” என்றார். காரைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரை அவர் முந்தின நாள்தான் கழுவியிருந்தார். எனக்கு இப்போது அவர்மீதும் சந்தேகம்.

ரோசி அக்கா தந்த தகவல்

ரோசி அக்கா ஆர்டருக்குக் கேக் செய்கிறவர். அவருடைய அடுப்பு ஜன்னலை ஒட்டி இருப்பதால் எங்கள் தெருவில் நடக்கிற எதுவும் அவருக்குத் தப்பாது.

“உன் மாமியார் டெய்லி வாக்கிங் போறாங்க போல? நல்லதுலா” என்றார் ஒருநாள். “கரெக்டா பத்து மணி. குடைய எடுத்துக்கிட்டு பீச் பக்கம் போறாங்க. பன்னெண்டுக்குள்ள வந்துர்றாங்க.”

எனக்கு அது தெரியாது. அன்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “காலையில என்னா பண்ணீங்க அத்தை?”

“என்னா பண்றது? துணி மடிச்சேன். படுத்திருந்தேன்.”

பொய். முகத்தில் அடித்தது போல ஒரு பொய்.

அவருக்கு நான் வாங்கிக் கொடுத்திருந்த புதுச் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மணல். மறுநாள் கிளினிக்கில் இருந்து பத்தேகாலுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். பன்னிரண்டு ஐந்துக்கு அடித்தேன். மணி போனது. நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கிற அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் இந்த நேரங்களை எழுதிவைத்தேன். அடுத்த நாளும் எழுதினேன். அதற்கடுத்த நாளும். எழுதும்போது எனக்கு வெட்கமாக இல்லை. கெட்டிக்காரியாகத்தான் தோன்றியது.

ஒரு வியாழக்கிழமை வயிற்றுவலி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினேன். கடலோரக் கடைகளுக்கு எதிரே ஒரு மரத்தடியில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

பத்து இருபதுக்கு அத்தை வந்தார். அவ்வளவு மெதுவாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு பூனைக்காக நின்றார். ஒரு விளம்பரப் பலகையை நின்று முழுசாகப் படித்தார். பிறகு இளநீர்க் கடையில் போய் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தொப்பி போட்ட ஒரு பெரியவர், கடைக்காரர், ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தினம் வருகிறவருக்குத்தான் அப்படி வைப்பார்கள்.

கடைக்காரர் எதிரே நின்று ஏதோ கேட்டார். அத்தை ஏதோ சொன்னார். அவர் மறுபடி ஏதோ சொன்னார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

என் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அறுபத்து நாலு வயதில்! வீட்டில் கால்வலியோடு தனியாகக் கிடக்கிற மாமாவை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. அட்டையை எடுத்து எழுதினேன். நேரம். கடை. தொப்பி. சிரிப்பு.

ஒரு மணி நேரம் அங்கே இருந்தார். பெரும்பாலும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் எழுதவில்லை.

நீலப் பை

அவர் நடந்து வருவதற்கு முன்பே நான் வீடு வந்து சேர்ந்தேன். நேராக மகனுடைய அறைக்குப் போனேன். அங்கேதான் அத்தை தங்கியிருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த நீலப் பையை இழுத்து ஊக்குகளைக் கழற்றினேன்.

ஏழு சேலைகள். அதில் ஒன்று அவருடைய கல்யாணச் சேலை. பிறப்புப் பத்திரம். அரசாங்கக் கிளினிக் அட்டை. குணா ஒன்றாம் வகுப்பில் எடுத்துக்கொண்ட படம். துணியில் சுற்றிய சின்ன முருகன் படம். இரண்டு நாளைக்கு வருகிறவருக்குப் பிறப்புப் பத்திரம் எதற்கு? ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். அறை வாசலில் நிழல் விழுந்தது.

அத்தை கத்தவில்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கல்யாணச் சேலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“உங்க மாமாவும் இப்படித்தான். ஒன்னொன்னா எடுத்துப் பாப்பாரு. ஆனா அவரு திருப்பி மடிச்சு வைக்க மாட்டாரு. நீ மடிச்சு வச்சிருக்க.”

“அத்தை, நான் வந்து...”

“பரவால்ல. எனக்குப் பழக்கம்தான்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவரே பேசினார். அழவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் கதையைச் சொல்வது போலச் சொன்னார். தோட்டத்தில் அவருக்குக் கொடுத்த மரங்கள் எப்போதும் சாலையை ஒட்டியே இருக்குமாம். மாமா மோட்டார் சைக்கிளில் போகும்போது பார்ப்பதற்கு வசதியாக. சீக்கிரம் முடித்தால் ஏன் சீக்கிரம் என்று கேள்வி. தாமதமானால் ஏன் தாமதம். கடைக்குப் போக வர இத்தனை நிமிஷம், குழாயடிக்கு இத்தனை நிமிஷம் என்று கையில் கட்டிய கடிகாரத்தில் பார்ப்பாராம்.

“அடிப்பாரா அத்தை?”

“ஒரு நாளும் கை வச்சதில்ல. அதனாலதான் யாருகிட்டயும் சொல்ல முடியல. என்னான்னு சொல்றது? என் புருஷன் கேள்வி கேக்கறாருன்னா?”

வேலையை விட்டு நின்ற பிறகு மாமாவுக்குப் பகல் முழுக்க வேறு வேலை இல்லை. அத்தையின் செருப்பை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மோட்டாரில் ரொட்டி விற்க வருகிற பாய் ஒருநாள், “ரொட்டி விலைதான் ஏறிப்போச்சு, நான் இன்னும் அதே அழகுதான்” என்று சொல்ல, அத்தை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரொட்டி வாங்குவது நின்றது. மாமா வெளியே போனால் கதவைப் பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

“தெனம் ஒரு சேலைய எடுத்துக் கட்டிலுக்கு அடியில வச்சேன். ஒரு நாள் சாப்ட்டுட்டு அசந்து தூங்கிட்டாரு. வாசக் கதவு சாவி சட்டைப் பையில இருந்துச்சு. பீரோ சாவி அவரு இடுப்புல. அதான் அவரு சிலிப்பர மாட்டிக்கிட்டேன். பஸ்ஸுக்கு நடக்கறதுக்குள்ள ரெண்டு தடவ கழண்டு விழுந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “வெளிய வந்து, பூட்டிட்டுப் போயிரலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். பூட்டல. சாவிய ஜன்னல் வழியா உள்ள போட்டுட்டு வந்துட்டேன்.”

“எங்ககிட்ட மொதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அனுப்பிச்சிருவீங்களோன்னு பயம். கொஞ்ச நாள் நல்லபடியா இருந்து காட்டிட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன்.”

“அப்ப என் தோசை?”

“அது நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் தடிப்பு.”

எனக்கு மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். “இன்னிக்கு நானும் வந்தேன் அத்தை. கார்ல உக்காந்து உங்களப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். “எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்.”

“இந்த வெயில்ல கார்லயா? பைத்தியமா நீ? எறங்கி வந்து ஒரு கிளாஸ் குடிச்சிருக்கலாம்ல?”

பிறகு, நான் கேட்காமலே, கடைக்காரரைப் பற்றியும் சொன்னார். “அவரு பேரு எனக்குத் தெரியாது. மலாய்க்காரரு. தெனம் எந்த ஊருன்னு கேப்பாரு. புலாவ் செபாங்னு சொல்லுவேன். மறந்துருவாரு போல, மறுநாளும் கேப்பாரு. இன்னிக்கும் கேட்டுட்டு, அங்க எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, ஒங்கள மாதிரியே மெதுவா குடிப்பான்னாரு. சிரிச்சுட்டேன். ஒருத்தரு கேள்வி கேட்டு, பதில் சொன்னதும் அத்தோட போயிட்டாரு பாரு. அது எனக்குப் புதுசா இருந்துச்சு.”

குணா சொன்னது

குணா ஐந்தரைக்கு வந்தார். போர்ச்சில் உட்கார்ந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சப்பாத்து கையிலேயே இருந்தது.

“தெரியும்” என்றார்.

“என்னா தெரியும்?”

“சின்னப் புள்ளையில எங்கிட்டதான் கேப்பாரு. அம்மா இன்னிக்கு யாருகூடப் பேசினா, எவ்வளவு நேரம் பேசினான்னு. நான் சொல்லுவேன். சொன்னா சனிக்கிழமை டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ஐஸ் கச்சாங் வாங்கித் தருவாரு. எட்டு வயசு எனக்கு.” சப்பாத்தைக் கீழே வைத்தார். “ஒரு வாரம் சொல்றதுக்கு ஒன்னுமில்ல. நானா ஒரு பேரச் சொன்னேன்.”

அந்தப் பேர் யாருடையது, அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க என் நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து, கேட்க நினைத்து நான் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுதான்.

மாமா வந்தார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு, இடது கையில் கடிகாரம். கால்வலியெல்லாம் ஒன்றுமில்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குணா பின்பக்கம் இருந்தார். மாமா அத்தையைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

“சுமதி, நீ நல்ல புள்ள. பொய் சொல்ல மாட்ட. இவ வந்து மூனு வாரமாச்சு. எங்கெங்க போனா? யாருகூடப் பேசினா? அத மட்டும் சொல்லு.”

என் கைப்பை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில்தான் தொங்கியது. அதற்குள் அந்த அட்டை. எந்த நாள், எந்த நேரம், எந்தக் கடை, யாரோடு சிரித்தார் என்று என் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. அவர் தேடி வந்ததைச் சேர்த்து வைத்திருந்தது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். நான்.

குசினியில் துருவுகிற சத்தம் நின்றது.

“தெரியாது மாமா. நான் பாக்கல.”

“நீ பாக்காம இருக்க மாட்டியே” என்றார் மாமா. அவர் கோபப்படவில்லை. தன்னைப் போன்ற ஒருவரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி, கிட்டத்தட்டப் பிரியமாகச் சொன்னார். “உன் கண்ண எனக்குத் தெரியும்.”

“பாக்கல மாமா” என்றேன் மறுபடியும்.

குணா உள்ளே வந்தார். “அப்பா, சாப்ட்டுட்டுப் போங்க. அம்மா வரமாட்டாங்க.” நாற்பத்தைந்து வயது மனிதர். எட்டு வயதுக் குரல்.

“அவ சொல்லட்டும்.”

அத்தை குசினி வாசலில் வந்து நின்றார். கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவை முந்தானையில் துடைத்தார்.

“வரல” என்றார். கொஞ்சம் கழித்து, “சோறு ஆயிருச்சு. மீன் கொழம்பு. சாப்டுங்க” என்றார்.

மாமா சாப்பிடவில்லை. அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். குணா பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார். கார் திரும்பும்போது முன்சீட்டில் அவருடைய தலை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அன்றைக்கும் எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அதை எந்த அளவுக்கு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து மீன் கழிவோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். சொந்தக்காரர்கள் பழியை என்மேல் போட்டார்கள். சமைக்க ஆள் வேண்டுமென்று மருமகள் மாமியாரை இழுத்து வைத்துக்கொண்டாளாம். ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். சந்தேகப்படுகிற இடத்திலேயே இருந்து பழகியவளுக்குச் சந்தேகப்படுகிறவர்கள் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

மாமாவுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார் குணா. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் மாமா வருகிறார். அத்தை தேநீர் கலந்து கொடுக்கிறார். “நேத்து எங்க போன?” என்கிறார் மாமா. “டீ ஆறிடும்” என்கிறார் அத்தை. மாமா போன பிறகு, “இளைச்சுட்டாரு” என்று ஒருதரம் சொல்வார். அடுத்த வாரம் குணா புலாவ் செபாங் போகும்போது கருவாட்டுப் பொட்டலம் ஒன்று காரில் ஏறும். அத்தை ஏறுவதில்லை.

நானும் ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. அத்தை குடையை எடுக்கும்போது என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. வேண்டுமென்றே திருப்பிக்கொள்கிறேன். எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. திரும்பி வந்தாலும் கேட்பதில்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் கிளம்பிப் போனவர் ஏழு மணி ஆகியும் வரவில்லை. தெருவிளக்கு எரிந்துவிட்டது. ரோசி அக்காவிடம்கூடக் கேட்காமல் போர்ச்சுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன், ஒன்றும் நடக்காதது போல.

அத்தை உள்ளே வந்தார். புடவை ஓரம் நனைந்திருந்தது. தலையில் காலையில் இல்லாத மல்லிகைச் சரம். சோபாவுக்குப் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கேன். எங்க போனீங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா? நான் எங்கயாச்சும் விழுந்து கெடந்தா?”

நான் டிவியை அணைத்தேன்.

“எங்க போனீங்க அத்தை?”

“சொல்ல மாட்டேன்” என்றார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும் பாட்டும் கேட்டன.

அன்றைக்கு அவர் எங்கே போனார் என்று இதை எழுதுகிற இன்றுவரை எனக்குத் தெரியாது.